மழைக்குக் கோடு

2008 ஜூன் 3, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து மழை. வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு வந்த ஆட்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பால்வெட்டு இல்லை. தோட்டத்து ஆபிஸ் கம்ப்யூட்டரில் எனக்கு மட்டும் வேலை.

கொழும்புக்கு அனுப்பிய கோப்பு மறுபடியும் திரும்பி வந்தது. மே மாதக் கணக்கு முழுதும் அதில். ஒரே ஒரு இடத்தில் பிழை இருந்தாலும் முழுக் கோப்பையும் தள்ளிவிடும் அவர்கள் புரோகிராம். பெரிய இடத்து மெஷின் அல்லவா.

மத்தியானம் காரணம் கிடைத்தது. ஆளுக்கு ஒரு நாள் சராசரி = ரப்பர் கிலோ ÷ வெட்டிய மரம். வெட்டாத நாளில் 0 ÷ 0. என் புரோகிராம் அதை NaN என்று எழுதிவிடுகிறது, 'இது எண்ணே இல்லை' என்று அர்த்தம். வெட்டாமல், மரத்தில் காய்ந்து ஒட்டிய பழைய ஒட்டுப்பாலை மட்டும் இரண்டு கிலோ பொறுக்கி வந்தால் 2 ÷ 0. அதற்கு Infinity, முடிவிலி. அவர்கள் கேட்கும் ஜேசன் (JSON) கோப்பில் இந்த இரண்டுக்கும் இடம் கிடையாது.

வாங்க: பிரிண்டர் ரிப்பன். அம்மாவின் மணிக்கட்டுக்குத் தைலம். சவர்க்காரம்.

ஜூன் 4, புதன்
மழை விட்டு விட்டு. பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். எண் இல்லையென்றால் பூஜ்யம் போட வேண்டியதுதானே, இதற்கு என்ன யோசனை என்றார். புரோகிராம் கோப்பை எழுதும் இடத்தில் பத்து வரி சேர்த்தேன். NaN வந்தால் 0. Infinity வந்தாலும் 0.

போய்ச் சேர்ந்தது. கொழும்பு கம்ப்யூட்டர் பிரிவு சமிந்த போனில், "ஹரி மல்லி, தெங் எனவா." சரி தம்பி, இப்போது வருகிறது என்று. சந்தோஷம். தெஹியோவிட்ட டவுனுக்குப் போய்க் கடையில் பனிசும் பிளேன்டீயும்.

ஜூன் 18, புதன்
கொழும்புக் கடிதம். பால்வெட்டு இருபத்தாறு பேரில் மே மாதச் சராசரி குறைந்த மூன்று பேரை அடுத்த மாதத்திலிருந்து புல்வெட்டுக்கு மாற்ற வேண்டுமாம். புல்வெட்டு என்றால் வாரத்தில் மூன்று நாள் வேலை, அதுவும் நிச்சயமில்லை. மூன்றாவது பெயர் மாரியாயி, ஏழாம் நம்பர் மலையில் வெட்டுபவள்.

பெரிய கிளாக்கருக்கே ஆச்சரியம். நல்ல கத்திக்காரியாச்சே என்றார். நான் கடிதத்தைக் கோப்பில் போட்டேன். நான் போட்ட பூஜ்யங்கள் நினைவுக்கே வரவில்லை.

ஜூன் 19, வியாழன்
மாரியாயி ஆபிஸ் ஜன்னலுக்கு வந்தாள். கையில் கங்காணி ஆள் வரவு எழுதும் கொப்பி. சண்டைக்கு வரவில்லை, காட்ட வந்தாள். மே மாதம் அவள் பெயருக்கு நேரே பதினொரு கோடு. பூஜ்யம் ஒன்றுகூட இல்லை.

"கோடு போட்ட நாளெல்லாம் பிரட்டுக்கு வந்து நின்னேன் தம்பி. வந்து நின்னவளுக்குக் கங்காணி பூஜ்யம் போடமாட்டாரு. பூஜ்யம் வராதவங்களுக்கு."

இந்தத் தோட்டத்துப் பழக்கம் இது. எனக்கும் தெரியும், சின்ன வயசிலிருந்தே தெரியும். ஏழாம் நம்பர் மழைக்கு முகம் காட்டி நிற்கும் மலை. மற்ற மலையில் வெட்டும்போதும் அங்கே மரம் ஈரம். வந்து நின்றவளுக்கும் 0 ÷ 0, வராதவளுக்கும் 0 ÷ 0. நான் இரண்டையும் பூஜ்யமாக்கி அனுப்பியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. என் பிழை என்று சொன்னேன். சரி தம்பி, திருத்துங்க என்றாள்.

ஜூன் 20, வெள்ளி
புது விதி:
– கோடு: null, வெறும் இடம். சராசரியில் சேராது.
– வராத நாள்: 0. அது கொழும்புச் சட்டம்.
– Infinity: அதுவும் null. அந்த ஒட்டுப்பால் முந்தின வெட்டு நாளோடு சேரும்.

சமிந்தவுக்குச் சம்மதம். திங்கட்கிழமை திருத்திய கோப்பு வந்தால் புதுப் பட்டியல் எடுத்துத் தருவான்.

இங்கேயே ஓட்டிப் பார்த்தேன். மாரியாயி மேலிருந்து ஆறாவது. கீழிருந்து மூன்றாவது அம்மா.

இரண்டு தரம் பார்த்தேன். அம்மா வெட்டுவது நாலாம் நம்பர் மலை. மே மாதம் ஏழு பூஜ்யம், மணிக்கட்டு வீங்கிக் கிடந்த வாரம். கோடு ஒன்றுமில்லை.

பெரிய கிளாக்கர் பின்னால் நின்றிருக்கிறார். "அந்த ஏழையும் வெறுமையா விட்டா கொழும்பில யாருக்குங்க தெரியப்போவுது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அப்படி விட்டால் மூன்றாவது யார் என்று பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

ஜூன் 22, ஞாயிறு
மழை இல்லை. துணி துவைத்தேன். அம்மா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன், எல்லாவற்றையும், கிளாக்கர் சொன்னதையும். கொட்டை உரிப்பதை நிறுத்தவில்லை.

"அவ மழையில நின்னா. நான் வீட்ல படுத்துக் கெடந்தேன். கங்காணி எழுதுனத எழுதுன மாதிரி அனுப்பு."

உடம்புக்கு முடியாமல் படுத்ததும் வராததும் ஒன்றா என்று கேட்டேன். அதைக் கொழும்பிடம் கேள் என்றாள். நியாயம். அந்தப் பூஜ்யத்தைப் பற்றியும் ஒருநாள் கேட்க வேண்டும். யாரிடம் என்று தெரியவில்லை. அம்மா கொட்டைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது, கிணற்றடிக்குப் போனேன்.

ஜூன் 23, திங்கள்
காலை 9.40க்கு அனுப்பினேன். போன் லைன் இரண்டு தரம் அறுந்தது. மூன்றாம் தரம் போனது. ரிப்பன் இன்னும் வாங்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி
வெயில். பட்டியல் வந்தது. சிங்களத்திலும் தமிழிலும் அடித்துப் பலகையில் ஒட்டுவது என் வேலை. அம்மாவின் பெயரைச் சம்பளப் பதிவான செக்ரோலில் உள்ளபடி முழுதாக அடித்தது இதுதான் முதல் தரம். தோட்டத்துத் துரை கையெழுத்து வைத்தார்.

பின்னேரம், பால் நிறுவை முடிந்து எல்லோரும் நிற்கும் நேரம். பசை பிடிக்கவில்லை, கையால் அழுத்திக்கொண்டு நின்றேன். பின்னால் அம்மா. அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

"வாசிச்சுச் சொல்லு தம்பி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

வாசித்தேன். மூன்று பெயரையும்.