மளிகைத் தாளில் வந்த சந்திரன்

மாசி 3, வியாழன்
காலையில் பனி. வெல்லம் காய்ச்சி இரண்டு கொப்பரை இறக்கியாச்சு. பிறகு வில்லியனூர்ச் செட்டியார் கடை: உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய். சுவரில் ஒரு தாள். சந்திரனுக்குப் போகும் தொடர்கதையைப் படித்தவர்கள் ஞாயிறு பிற்பகல் பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்களாம். யாரும் வரலாமாம்.

அந்தக் கதை எனக்கு அத்துப்படி. செட்டியார் சாமான் மடித்துத் தரும் தாளில்தான் படித்தேன், இரண்டு வருஷமாக. எங்கள் ஊர் உறுவையாற்றில் அதைப் பற்றிப் பேச ஒரு ஆளில்லை. பெண்டாட்டி செல்லம்மாவிடம் வாயெடுத்தால், "உனுக்கு வேற வேல இல்ல?" போகலாமா?

மாசி 5, சனி
சட்டையில் பொத்தான் இல்லை. செ. தைத்துக் கொடுத்தாள். "இன்னா, பொண்ணு பாக்கவா போற?" ஒரே சிரிப்பு. கொப்பரை ஒன்றுதான்.

மாசி 6, ஞாயிறு
நல்ல வெயில். நடந்தே போனேன். இருபது பேர். பெஞ்சில் புதுச்சேரிக்காரர்கள், மடியில் பைண்டு செய்த புத்தகம். பாயில் வில்லியனூர்க்காரர்கள். ஒரு கூட்டம் இன்னொன்றின் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் வாசலோரம். "பத்திரிகைக்குச் சந்தாதாரரா?" என்றார் ஒருவர். இல்லை என்றதும் திரும்பிக்கொண்டார். வந்ததே தப்பு.

பெஞ்சுக்குத் தலைவர் அந்துவான், தபாலாபீஸ்காரர். கதை முடிவில் கதாநாயகரான வைத்தியர் சந்திரனிலேயே மாட்டிக்கொண்டு தனியாக நிற்பதைப் பற்றி உருகி உருகிப் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாய் சும்மா இருந்தால்தானே?

"அவுருதான் திரும்பி வந்துட்டாரே! கடக்கரையில பொண்டாட்டி கையால கஞ்சி குடிச்சாரே!"

கொல்லென்று சிரிப்பு. அந்துவான்தான் முதலில். "அது மொத அத்தியாயம்யா!"

அப்போதுதான் உறைத்தது. பழைய பத்திரிகைக் கட்டில் கடைசி இதழ் மேலே, முதல் இதழ் அடியில். செட்டியார் மேலிருந்து உருவுவார். தலைப்பு, எண் எல்லாம் கிழிந்திருக்கும். கதை முழுவதையும் தலைகீழாகப் படித்திருக்கிறேன். மானம் போச்சு. துண்டை உதறி எழுந்தேன்.

"எங்க போற? இப்டி வந்து குந்துப்பா," பாயில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். "நீ படிச்ச மாரியே சொல்லு, கேப்போம்."

சொன்னேன். தனியாக நிற்கும் வைத்தியர். உடைந்து கிடக்கும் இயந்திரம். அது எப்படிச் சரியானது என்று நானாக யோசித்து வைத்திருந்ததையும் சேர்த்துக்கொண்டேன். பிறகு பறப்பது, கடற்கரை, மனைவி, கஞ்சி. பெஞ்சுக்காரர்களும் திரும்பி உட்கார்ந்தார்கள். நடுநடுவே கேள்வி, சண்டை. காபி வந்தது, எனக்கும் ஒரு டம்ளர். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

கிளம்பும்போது அந்துவான் வாசல்வரை வந்தார். பேரும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"கடைசியில வந்துடுறார், இல்ல?"

"வந்துடுறாருங்க."

அவர் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறி ஏழு வருஷமாம். கடிதம் நின்று மூன்று வருஷம்.

மாசி 11, வெள்ளி
தூறல். அடுப்பு மூட்டவில்லை. சுள்ளியெல்லாம் ஈரம். தபாலில் ஒரு கார்டு, அந்துவானிடமிருந்து. 'ஞாயிறு மறுபடி கூடுகிறோம். அவசியம் வரவும். பெஞ்சில் என் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன். கதையை நீங்கள் படித்த வரிசையிலேயே சொல்லவும். தம்பி மனைவியை அழைத்து வருகிறேன். அவள் கதையைப் படித்ததில்லை.'

செ.வுக்குப் படித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தினி ஆம்பளைங்க நடுவுல அந்தப் பொண்ணு ஒண்டியா குந்தியிருக்குமா? நானும் வரேன்" என்றாள்.