நீ கேட்காத கேள்வி

ஈப்போ, மலாயா, 12-8-1936

பிரியமுள்ள நேசபாய்க்கு,

கர்த்தர் காக்க நான் சுகம். உன் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படியிருக்கின்றன?

இங்கே ஒரு வேடிக்கை. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் காயம் கட்டும் டிரசர் ஒருவர் வேண்டும். பேர்பெற்ற மிஷன் ஆஸ்பத்திரி உள்ள நெய்யூரில் பிறந்தவனுக்கு வைத்தியம் தெரியாமலிருக்காது என்று, வருகிறவர்களிடம் கேட்கக் கேள்விகள் எழுதும்படி துரை என்னிடம் சொல்லிவிட்டார். நம்மூர் ஆஸ்பத்திரிக்கு நான் போனதே உனக்குப் பல் பிடுங்கிய அன்றுதான். மயங்கி விழுந்தவனும் நான்தான்.

'காயம் கட்டத் தெரியுமா? மருந்து கலக்கத் தெரியுமா?' என்று பதினாறு எழுதினேன். முதலில் வந்த நான்கு பேரும் எல்லாவற்றுக்கும் "தெரியும்" என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்? ஐந்தாவதாக வந்த குளச்சல்காரர் மரியான், "அண்ணாச்சி, நானும் ஒண்ணு கேக்கட்டா? முந்தி இருந்தவரு எதுக்குப் போனாரு?" என்றார். பெண்டாட்டியை விட்டு இருக்க முடியாமல் ஊருக்கே போய்விட்டார் என்றேன். போகிற இடத்தை விசாரிக்கிறவர் நோயையும் நன்றாக விசாரிப்பார் என்று தோன்றியது. அவரையே எடுக்கச் சொன்னேன்.

அதிலிருந்து ஒரே யோசனை. உன்னைப் பெண் பார்த்த அன்று எங்கள் வீட்டார் எத்தனை கேட்டார்கள்! வேதபாடம், தையல், மீன்குழம்பு. உனக்குக் கேட்க ஏதாவது உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. அன்று உன்னைக் கேட்க விட்டிருந்தால் என்னிடம் என்ன கேட்டிருப்பாய்?

யாராவது கப்பலேறினால் கருப்பட்டியும் சுக்கும் கொடுத்தனுப்பு. தபால்காரர் அவசரப்படுத்துகிறார். அந்தக் கேள்வியை மறைக்காமல் எழுது. பதில் தெரியாவிட்டால், தெரியாது என்றே எழுதுகிறேன்.

உன்
ரசலையன்