பல்லோடு வந்த பிளாஸ்டர்

மார்ச் 3, செவ்வாய்

கல்லுக்குள் கிடந்த தாடையின் ஒரு பக்கம் இன்று முடிந்தது. முடித்தது நான்தான் என்று எழுதினால் அக்கா மகள் சண்டைக்கு வருவாள். போகட்டும், பாதி நான். ஒன்றரை வருடமாகப் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஊசியால் கல்லைச் சுரண்டியது அவள்தான். ஆனால் கல்தூளை வாளி வாளியாக அள்ளிக் கொட்டியது யார்? பசை கரைத்துக் கொடுத்தது யார்? பிளாஸ்டர் மாமா! அருங்காட்சியகம் முழுக்க எனக்கு அந்தப் பெயர்தான். வீடுகளுக்குப் பிளாஸ்டரில் பொய்க்கூரை போட்டுக்கொண்டிருந்த என்னை அவள்தான் சொல்லி இங்கே சேர்த்துவிட்டாள். இவர்களே கார் அனுப்பிக் கூப்பிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன். பேருந்தும் ஒரு வண்டிதானே.

மார்ச் 5, வியாழன்

பல கோடி வருடத்துக்கு முந்தைய ஊர்வன வகை மிருகம். அதன் கீழ்த்தாடை என் கை நீளம் இருக்கும். பார்த்தால் இரும்பு, தொட்டால் நனைந்த பிஸ்கட். பசையைத் தண்ணீராகக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கவைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கெட்டியாகப் பூசினால் மேலே பளபளக்கும், உள்ளே மாவாகவே கிடக்கும். அவள் ஒரு சொட்டு விட்டுவிட்டுக் குழந்தைக்கு மருந்து கொடுத்தவள் மாதிரி பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கடைசியில் இருக்கும் மூன்று பற்களில் ஒன்றுக்குள்ளே புதுப்பல் ஒன்று முளைத்துக்கொண்டிருந்ததாம். அரிசி அளவு. வெடிப்பின் வழியாக எனக்கும் காட்டினாள். "செத்த அன்னிக்கும் இதுக்குப் பல்லு முளைச்சிட்டிருந்திருக்கு மாமா" என்று சொல்லும்போது அவள் குரலே மாறிவிட்டது. வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவர் மாதக் கடைசியில் அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறார். தாடையை முழுசாக முடித்துக் கொடுத்தால் இவளுக்கு வேலை நிரந்தரம் என்று பிரிவுத் தலைவர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் ஏப்ரலோடு சரி.

மார்ச் 9, திங்கள்

அடுத்து தாடையைத் திருப்ப வேண்டும். திருப்ப வேண்டுமானால் பிளாஸ்டர். பிளாஸ்டர் என்றால் யார்?

மார்ச் 11, புதன்

என் வாழ்நாளில் இப்படிக் கைதட்டல் வாங்கியதில்லை.

முடிந்த பக்கத்தின் மேல் ஈரக் காகிதத்தை இரண்டு அடுக்கு ஒட்ட வேண்டும். அதற்கு மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குப் பட்டைகள். இறுகியதும் கழற்றி, உள்ளே மெத்தை வைத்து, மறுபடி மூடி, அப்படியே புரட்டிவிடலாம். பிளாஸ்டர் எலும்பைப் பிடித்துவிடாமல் இருக்கத்தான் அந்தக் காகிதம். அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "நான் வர்ற வரைக்கும் பிளாஸ்டர் கலக்காதீங்க மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த நேரம் பார்த்து எங்கள் கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள் கூட்டம் வந்து நின்றது. சும்மா காகிதம் ஒட்டுகிறவனை யார் பார்ப்பார்கள்? கலக்கிவிட்டேன்.

பேச வைத்திருக்கும் ஓட்டை வழியாக ஒரு தாத்தா கேட்டார், "இது என்னத்தைத் தின்னும்?" அப்போது கையில் கடைசிப் பற்களுக்கான ஈரக் காகிதம் இருந்தது. அதையே நாக்காக நீட்டித் தொங்கவிட்டு, "எதிர்ல நிக்கிற ஆளை ஒரே நக்கு!" என்று ஆடிக் காட்டினேன். இந்தத் தாடையை மலையிலிருந்து தோளில் சுமந்து இறக்கியவன் நான்தான் என்றும் சொல்லிவைத்தேன். சிரிப்பு, கைதட்டல். ஒரு பாட்டிக்கு இருமலே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் வாளியில் பிளாஸ்டர் இறுக ஆரம்பித்திருக்கிறது. நாக்கு கிழிந்து போயிற்று. புதிதாக நனைத்து ஒட்ட நேரமில்லை. ஓரம்தானே. பட்டைகளைச் சரசரவென்று போட்டு முடித்தேன். வழவழவென்று வந்திருக்கிறது, கல்யாண மண்டபக் கூரை மாதிரி.

அவள் ஓடி வந்தாள். "அதுக்குள்ள கலக்கிட்டீங்களா? காகிதம் எல்லா இடத்துலயும் ரெண்டு அடுக்கு இருக்குல்ல?"

"மூணு அடுக்கு போட்டிருக்கேன்மா! யாருன்னு நினைச்சே?"

மார்ச் 12, வியாழன்

காலையில் கழற்றினோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. பெரிய சத்தம்கூட இல்லை. பிஸ்கட் கடிக்கிற சத்தம்.

கவிழ்த்துப் பார்த்தால் பிளாஸ்டருக்குள் மூன்று பற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேரோடு வந்துவிட்டன. தாடையில் அந்த இடத்தில் வெறும் குழி, வெள்ளை மாவு. அந்த அரிசிப் பல்லைக் காணோம். அவள் முகமூடியைப் போட்டுக்கொண்டாள், மூச்சுக்காற்றில் அந்த மாவும் பறந்துவிடக் கூடாதென்று.

"மாமா, இங்க காகிதமே இல்ல."

"இருந்துச்சேம்மா. ஈரத்துல கரைஞ்சிருக்கும்."

"காகிதம் கரையாது மாமா."

சாயங்காலம் வரை இடுக்கியால் துணுக்குகளைப் பொறுக்கினாள். நானும் குனிந்து தேடினேன். எது பல், எது பிளாஸ்டர் என்று எனக்குத் தெரியவில்லை. அரிசி அளவில் எது கிடந்தாலும் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்துக் கீழே வைத்தாள்.

மார்ச் 13, வெள்ளி

தலைவர் வந்து, காகிதம் ஒட்டியது யார் என்று கேட்டார். "நான்தான் சார்" என்றாள். நான் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய வாளி.

மார்ச் 14, சனி

சாப்பிடும்போது அக்கா கேட்டாள், "என்னடா, மாமனும் மருமகளும் அந்தப் பசையை வாயில பூசிக்கிட்டு வந்துட்டீங்களா? ஒரு சத்தத்தையும் காணோம்."

"தலைவலிம்மா" என்று எழுந்து போனாள் அவள். பின்னாலேயே போய் மெதுவாகக் கேட்டேன், தலைவர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னே என்று.

"உங்களைச் சேர்த்துவிட்டது நான். நான் இல்லாம மூடினது தெரிஞ்சும் பிரிச்சுப் பார்க்காம விட்டதும் நான். வேற என்ன சொல்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச் 17, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. தாடை வேறொருவர் கைக்குப் போகிறது. அவளுக்குக் கீழ்த்தளத்தில் பெட்டிகளுக்கு எண் ஒட்டும் வேலை, ஏப்ரல் முடியும் வரை.

நாளை தலைவரிடம் போகப் போகிறேன். என்னைத் துரத்தினால் துரத்தட்டும். பொய்க்கூரை இல்லாத ஊரா?

மார்ச் 18, புதன்

போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். காகிதத்தை நாக்கு மாதிரி தொங்கவிட்டது, வாளி இறுகியது, மூணு அடுக்கு என்று புளுகியது, எல்லாவற்றையும். ஒரு சொல் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.

மனுஷன் சிரிக்கிறார்! "போன வாரம் கேட்டா, இதை மலையிலேர்ந்து சுமந்துட்டு வந்ததும் நீங்கதான். மாடிப்படி கட்டினப்போ மேஸ்திரியும் நீங்கதான். இப்ப பல்லைப் பிடுங்கினதும் நீங்கதானா?"

"சத்தியமா சார்."

"அக்கா பொண்ணு மேல பாசம் இருக்க வேண்டியதுதான். நல்ல மனசு உங்களுக்கு. போய் வேலையைப் பாருங்க."

என் அம்மா மேல் ஆணையிட்டேன். போன மாதம் விடுப்புக்கும் அம்மா மேல்தான் ஆணையிட்டேனாம். எனக்கே மறந்துவிட்டது, அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குக் கைதட்டிய வங்கிக்காரர்களை எங்கே போய்த் தேடுவேன்? தேடினாலும் அவர்கள் என்ன சொல்வார்கள்? நாக்கு நன்றாக இருந்தது என்பார்கள்.

மார்ச் 19, வியாழன்

விவகாரமாகிவிட்டது. தலைவர் அவளைக் கூப்பிட்டு, "சிபாரிசுக்கு மாமாவை அனுப்பி வைக்கிறியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். கீழ்த்தளப் படியில் என்னை நிறுத்தினாள்.

"யார் உங்களைப் போகச் சொன்னது?"

"உண்மையைத்தானேம்மா சொன்னேன்."

"அன்னிக்கு வாளி கழுவுறதுக்குப் பதிலா சொல்லியிருக்கலாம்ல?" கண் நிறைந்துவிட்டது. "அவர்கிட்ட நானும் சொன்னேன், மாமா சொன்னதுதான் நடந்துச்சுன்னு. ரெண்டு பேரும் பேசி வெச்சிட்டு வந்தீங்களான்னு கேக்குறார். இப்ப நானும் பொய்க்காரி."

மார்ச் 30, திங்கள்

வெளியூர் ஆராய்ச்சியாளர் வந்தார். குழியைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 8, புதன்

புது ஆள் கெட்டிக்காரர்தான். பற்களை ஒட்டிவிட்டார். கோடு தெரிகிறது. வாளி கேட்டால் கொடுக்கிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. கண்ணாடிப் பொருள் விற்கும் கடையில் கணக்கு. எலும்பு வேலை எங்கேயும் கிடைக்கவில்லை. நாளை மறுநாள் கிளம்புகிறாள்.

இன்று மத்தியானம் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பார்வையாளர்களுக்கு என் பேச்சு பிடித்திருக்கிறதாம், சிலர் எழுதியே போட்டிருக்கிறார்களாம். எனக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு. வாளி வேலை பாதி, மீதி நேரம் கண்ணாடி ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல வேண்டும். மைக் கூட வாங்கித் தருவார்களாம். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. அக்கா சமையலறையில் பாத்திரங்களை அதட்டிக்கொண்டிருக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா மகள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, பரண்மேல இருக்கிற பெரிய பெட்டியைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா? எனக்கு எட்டல."

எடுத்துக் கொடுத்தேன். தூசியைத் துடைத்துக் கொடுத்தேன்.