எலுமிச்சை தேய்த்த கிண்ணங்கள்

அக்கா,

இன்று பலெர்மோவில், சீசாப் பகுதி வீட்டில் மீனுக்கு எலுமிச்சை வெட்டினேன். மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் முகம் வந்தது, பசி போய்விட்டது. போன கிழமை உங்களை அடக்கம் செய்தார்கள். நான் வரவில்லை. செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

தொண்ணூறுகளில் அந்த ஆய்வுகூடத்தில் நாம் இருவரும் கண்ணாடிக் கிண்ணம் கழுவினோம். ஸ்ஃபெர்ராகவால்லோ மீனவர்கள் கொண்டுவரும் கடல் முள்ளெலிகளின் முட்டைகளை ஆய்வுகூடத் தலைவி சிஞ்ஞோரா அவற்றில் வளர்ப்பார். நான் யாழ்ப்பாணத்தில் விலங்கியலைப் பாதியில் விட்டவள் என்று அறிந்து நுண்நோக்கியில் பார்க்கவிடுவார். முட்டையிலிருந்து வளரும் முளையத்தின் உயிர்க்கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் மூலக்கூறுகள் உண்டு, அவை பிடிக்கக் கல்சியம் வேண்டும், இல்லாவிட்டால் கலங்கள் உதிர்ந்துவிடும் என்று அவர் காட்டிய அன்று எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. உங்களுக்குப் பொறுக்கவில்லை. "கோப்பை கழுவ வந்தவைக்கு என்ன படிப்பு?" என்றீர்கள்.

காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே கழுவவேண்டும் என்பது சட்டம். நீங்களோ பலெர்மோக் குழாய்த் தண்ணீரில் கழுவி, அதன் வெள்ளைக் கறை போக, வீடுகளில் செய்வதுபோல எலுமிச்சை தேய்த்து, அலசாமல் துடைத்து அடுக்கினீர்கள். அந்தப் புளிப்பு கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மறுநாள் நன்றாக வளரவேண்டிய முளையங்கள்கூட மணலாய் உதிர்ந்து கிடந்தன. இரண்டு மாத வேலை பாழ்.

"யார் கழுவியது?" என்று சிஞ்ஞோரா கத்தினார். நீங்கள் என்னைக் காட்டினீர்கள். கிண்ணத்தை முகர்ந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை, அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்.

படியில் உங்களை மறித்தேன். "ஏனக்கா பொய் சொன்னனீங்கள்?"

"என்ரை பெர்மெஸோ முடியுது பிள்ளை. நீ இளம் ஆள், உனக்கு வேறை வேலை கிடைக்கும்."

என் பெர்மெஸோவும், அந்த வதிவிட அனுமதியும்தான் முடிந்துகொண்டிருந்தது. அது உங்களுக்குத் தெரியும். வேலைக் கடிதம் இல்லாததால் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் புதுப்பிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை நம்பித்தான் ஊரிலிருந்து என் மகளை அழைக்க இருந்தேன். மூன்று வயதில் வரவேண்டியவள் எட்டு வயதில் வந்தாள். விமான நிலையத்தில் என்னை "அன்ரி" என்றாள்.

கூட இருந்தே குழி பறித்துவிட்டு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனீர்கள். பல்லரோச் சந்தையில் கண்டால் மீன்காரன் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். படுக்கையில் விழுந்த பிறகுதான் மகனை அனுப்பினீர்கள். "அம்மா உங்களைப் பாக்கவேணுமாம், அன்ரி."

"ஓம், வாறன்" என்றேன். வேண்டுமென்றேதான் வரவில்லை.

கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் "வந்திட்டாளோ?" என்று கேட்டீர்களாம். ஐந்து நாள். என் பிள்ளை ஊரில் அம்மா எங்கே என்று ஐந்து வருடம் கேட்டவள். எனக்கு இன்னும் ஆறவில்லை, அக்கா.