வரிகளுக்கு நடுவே இருமல்

என் தங்கமே, தம்பி ஜான்சா,

உன் லேப்டாப் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. போன வாரம் அது அப்டேட் கேட்டது. கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும் என்று அழுத்திவிட்டேன். போச்சு. உன் பாட்டில் கீபோர்டு, வயலின், டிரம்ஸ் எல்லாம் ஊமையாகிவிட்டன.

வருகிற ஞாயிறு உனக்கு வருஷ நினைவு ஜெபம். வேலையில் இருந்தபோது நீ கடைசியாகப் பாடிப் பதிந்த பாட்டை அன்று சர்ச்சில் போட வேண்டும். அம்மாவுக்கு வேறு ஆசையே இல்லை.

அந்தப் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் திணறுகிறது என்று லினக்ஸ் போட்டவன் நீ. உன் பிளக்-இன்களோ, அந்த வாத்தியங்களும் குரலைத் திருத்தும் கருவிகளும், விண்டோஸுக்காகவே செய்தவை. அப்புறம் எப்படிடா ஓடுகிறது என்று கேட்டேன்.

"நடுவுல ஒரு சாஃப்ட்வேர கான்ட்ராக்டர் மாதிரி வெச்சிக்கீறேன்கா. லினக்ஸுக்கு இந்த பிளக்-இன்லாம் யாருன்னே தெரியாது. என்ன மாதிரிதான், வந்து வேலய பாத்துட்டுப் போய்க்கினே இருக்கும்" என்று சிரித்தாய்.

ஒரகடம் கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப் லைனில் நீயும் கான்ட்ராக்ட் ஆள்தானே. நானும் சிரித்தேன். நுரையீரல் கெட்டு நீ படுத்தபோது கம்பெனியும் அதையேதான் சொன்னது. அவர் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றது. கான்ட்ராக்டர் நம் தெருக்காரர், சர்ச்சில் முன்வரிசைக்காரர். அவர் கூசாமல் சொன்னார்: "எங்கிட்ட இருந்தவரைக்கும் புள்ள ஒரு தபாகூட இருமுனதில்லமா."

வாத்தியங்கள் போன பிறகு உன் குரல் மட்டும் ஓடியது. முதல் வரி. உடனே இருமல். இரண்டாம் வரி. மறுபடி இருமல், நெஞ்சே பிளந்துவிடும் போல. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னாடி, புள்ள இப்டி இருமிக்கினு கீறான்! தண்ணி குடுடி!"

கையில் சொம்போடு லேப்டாப் முன்னால் அப்படியே நின்றாள்.

உன்னோடு லைனில் நின்ற செல்வம் வந்து, நடுவிலிருந்த அந்த சாஃப்ட்வேரைக் கெடுத்த அப்டேட்டை நீக்கிப் பழையபடி ஆக்கினான். எல்லாம் ஓடியது. பாட்டு ஜோராக இருந்தது. ஓர் இருமல்கூட இல்லை. வரி முடிந்ததும் குரலை அடைத்து, அடுத்த வரிக்குத் திறக்கும்படி நீ ஒரு பிளக்-இன் வைத்திருந்ததைக் காட்டினான். அப்டேட்டில் அதுவும் போனதால்தான் இருமல் வெளியே வந்ததாம்.

ஷிஃப்ட் முடிந்து வந்து மாடியில் தனியாகப் படுத்தாயே, அதுவும் இதற்குத்தானா? எங்களிடம் ஏன்டா மறைத்தாய்? இருமுகிறவனை லைனிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்றா?

பாட்டை இருமலோடும் இருமல் இல்லாமலும் இரண்டு விதமாகச் செல்வம் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறான். எதைப் போடுவது என்று அம்மாவைக் கேட்டேன்.

"இருமுறதயே போடு. ஒரு தபாகூட இருமலன்னு சொன்ன ஆளும் முன்னால குந்திக்கினு கேக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சத்தத்தை முழுசாக வைப்பேன், தம்பி. யார் எழுந்து நிறுத்தச் சொன்னாலும் உன் கடைசி இருமல் வரை நிறுத்த மாட்டேன்.

உன்னோடு பிறந்த அக்கா,
ஸ்டெல்லா