தாஸின் ப்ரேக் கட்டைகள்

14-3-65, ஞாயிறு

தீவுக்குச் சாமான் கொண்டுவரும் மெயின்லேண்ட் கப்பல் வரவில்லை. என் சைக்கிள் கடையில் ப்ரேக் கட்டை தீர்ந்துவிட்டது. ரிப்பேருக்கு விட்டிருந்த தாஸின் சைக்கிளிலிருந்து கட்டைகளை நேற்றுக் கழற்றி என் வண்டிக்குப் போட்டுக்கொண்டேன். இன்று வண்டூர் கடற்கரைக்குச் சைக்கிளில் போகும் கூட்டத்தில் அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

மேட்டு உச்சியில் பின்னால் மணி கேட்டது. தாஸ்தான். கடையில் என் மனைவியிடம் கேட்டுத் தன் வண்டியை எடுத்து வந்திருக்கிறான். நான் வாய் திறப்பதற்குள் எல்லோரையும் முந்திக்கொண்டு இறங்கினான். "ஷாபாஷ்!" என்று கத்தினார்கள். கீழே வயலில் போய் விழுந்தான்.

என் ப்ரேக் நன்றாகப் பிடித்தது. நிதானமாக இறங்கிப் போய்த் தூக்கிவிட்டேன். முழங்கையில் ரத்தம். கட்டை வழியில் கழன்று விழுந்திருக்கும் என்றான்.

திரும்பும்போது என் வண்டியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவனுடையதைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். "உனக்குப் பெரிய மனசு, பாய்" என்று வழியெல்லாம் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தான்.