ஏழெட்டு எவ்வளவு?

என் அவசரக்குடுக்கைக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பக் கொண்டுவந்த உன் மூக்குக்கண்ணாடி இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நம் மகள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் எட்டு மணிக்கெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

போன வாரம் டீச்சர் போன் செய்தார். புதிதாக வந்தவர், நம் வீட்டு விஷயம் எதுவும் தெரியாது.

"சார், கிளாஸ் நடக்கும்போது அவங்க அம்மா பக்கத்துல இருந்து பதில் சொல்லிக் குடுக்கிறாங்க. அதுவும் தப்புத் தப்பா."

மகளைக் கேட்டேன். "நான் கேக்கவே இல்லப்பா. அம்மாதான் சொல்லுது" என்றாள். பொய் சொல்லாதே என்று கத்திவிட்டேன்.

இன்று லீவு போட்டுவிட்டு அவள் பின்னால் நின்றேன். டீச்சர் "ஏழெட்டு?" என்றார். மகள் வாயைத் திறக்கவில்லை. நான் மூச்சுகூட விடவில்லை. யாராவது பேசினால் திரையில் அவர்கள் படத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு வருமே, அது எங்கள் படத்தைச் சுற்றி வந்தது.

டீச்சர் சிரித்தார். "அம்பத்தி நாலு இல்லங்கம்மா. குழந்தைய சொல்ல விடுங்க."

ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று கடைசிவரை அடம்பிடித்தவள் இந்த உலகத்திலேயே ஒருத்திதான்.

அக்காவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளை நான் வேலைக்குப் போகிறேன். நீ அவள் பக்கத்திலேயே இரு. வாய்ப்பாட்டை மட்டும் என்னிடம் விட்டுவிடு.

ஐம்பத்தாறுதான் என்று இன்றும் சொல்லும்
உன் வீட்டுக்காரன்